ஐவர் நிற்கும் அணிக்கும் ஓர் இமாம்

தமிழில் 'பள்ளி' என்னும் சொல் பொருட்செறிவு மிக்கது. நம் முன்னோர் தொழுகை இல்லத்தைப் பள்ளிவாசல் என்று அழைத்தனர். பிள்ளைகள் எழுத்தறியும் இல்லத்துக்கும் பள்ளிக்கூடம் என்பதே பெயர். இரு பள்ளிகளிலும் ஒருவர் முன்னே நிற்கிறார். மற்றவர்கள் அவரைப் பின்தொடர்கின்றனர். முன்னே நிற்பவர் இல்லையெனில், கட்டடம் எத்துணை உயர்ந்ததாயினும் அங்கே பள்ளியின் பணி நடைபெறுவதில்லை.

மார்கழிக் குளிரில் ஃபஜ்ருத் தொழுகைக்குச் சில சிற்றூர்ப் பள்ளிவாசல்களில் ஐந்தே பேர் வந்து நிற்பதுண்டு. ஜும்ஆ நாளில் ஐந்நூறு பேர் நிறையும் நகரப் பள்ளிக்கும் ஓர் இமாம். ஐவர் நிற்கும் அணிக்கும் ஓர் இமாம். "நூறு பேருக்கு ஓர் இமாம் என்பது கணக்கு, ஆகவே இந்த ஐவருக்கும் இமாமில் இருபதில் ஒரு பங்கு போதும்" என்று எந்த முத்தவல்லியும் கணக்குப் போட்டதில்லை. போட்டால் ஊர் சிரிக்கும். ஏன்? இமாம் பங்கு பிரிக்கத்தக்க பண்டம் அல்லர். அவர் இருந்தால் முழுமையாக இருக்கிறார். இல்லாவிட்டால் முழுமையாக இல்லை.

இத்துணைத் தெளிவான உண்மை, பள்ளிவாசலின் படியிறங்கிப் பள்ளிக்கூடத்தின் படியேறும்போது நம் நெஞ்சைவிட்டு அகன்றுவிடுவது எதனால்? பிள்ளைகளின் தலைகளை எண்ணி ஆசிரியர்களைப் பங்கிட்டுவிட்டால் நீதி நிறைவேறிவிட்டது என்று எண்ணுகிறோமே, அது சரிதானா? இக்கேள்வியைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம். ஆராய்வதற்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடியிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் ஜவ்வாது மலைக்குச் சென்றால் போதும்.

✦

கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அதன் தலைமை ஊர். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என 'நாடு'களாகப் பிரிந்து கிடக்கும் சிற்றூர்கள் பல. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தார் என எண்ணிவிடலாகாது; அவர்கள் பேசுவது தமிழே. சாமையும் தேனும் புளியும் பலாவும் சீத்தாப்பழமும் அவர்கள் நமக்குத் தரும் செல்வங்கள்.

இம்மலையில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வனத்துறை நடத்தும் பள்ளிகளும் உள்ளன. பள்ளிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டிருக்கின்றன, சத்துணவு வழங்கப்படுகிறது. புத்தகமும் சீருடையும் கிடைக்கின்றன. இவற்றை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆயினும், உயர்நிலைப் பள்ளியின் உயிர் ஆசிரியரிடம் இருக்கிறது. அங்கேதான் கணக்கு நம்மைக் கைவிடுகிறது.

ஒரு கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். நகரத்துப் பள்ளியொன்றில் 1200 மாணவர்; 30 ஆசிரியர். ஓர் ஆசிரியருக்கு 40 மாணவர். மலைப் பள்ளியொன்றில் 120 மாணவர். பாடத்துக்கு ஒருவராக 5 ஆசிரியர். ஓர் ஆசிரியருக்கு 24 மாணவர். காகிதத்தில் பார்த்தால் மலைப்பிள்ளையே பேறு பெற்றவன்! இப்பொழுது இரு பள்ளிகளிலும் கணித ஆசிரியர் ஒருவர் மாறுதல் பெற்றுச் சென்றுவிடுகிறார். நகரத்தில் எஞ்சிய கணித ஆசிரியர்கள் அந்த வகுப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றனர். 40 என்பது 41 ஆகிறது. மலையிலோ 24 என்பது 30 ஆகிறது. இன்னமும் நகரத்தைவிட வசதிதான் என்று காகிதம் சொல்லும். ஆனால் அங்கே அன்று முதல் கணிதம் என்ற பாடமே இல்லை. நகரில் ஒரு வெற்றிடம் பிறர் தோளில் ஏறும் சுமை; மலையில் ஒரு வெற்றிடம் ஓர் அறிவுத்துறையின் மரணம்.

பத்தாம் வகுப்புத் தேர்வோ வெற்றிடங்களை அறியாது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 35 பெற்றாக வேண்டும். நான்கில் நன்கு தேறி ஐந்தாவதில் தவறினால் அவன் தவறியவனே. கேள்வித்தாள் சென்னைக்கும் ஜமுனாமரத்தூருக்கும் ஒன்றே.

திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் அளவையில் மோசம் செய்வோரைப் பற்றி எச்சரிப்பதை நாம் அறிவோம். பிறரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுவோருக்குக் கேடுதான் என்பது அதன் கருத்து. கடைத்தெருவில் தராசு பிடிப்போருக்கு மட்டும் உரிய எச்சரிக்கையா இது? மலைப்பிள்ளையிடம் தேர்வை வாங்கும்போது ஐந்து பாடத்தையும் நிறைவாக வாங்குகிறோம். அவனுக்கு ஆசிரியரைக் கொடுக்கும்போது நான்காகவோ மூன்றாகவோ குறைக்கிறோம். ஒரு சமுதாயம் முழுவதும் சேர்ந்து பிடிக்கும் தராசில் இவ்வாறு குறைந்தால், அது மோசம் அல்லவென்று சொல்ல நமக்கு நா எழுமா?

✦

சட்டம் இதனை அறியாமலில்லை. 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 35 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என விகிதம் கூறியதோடு நிற்கவில்லை. அறிவியலுக்கும் கணிதத்துக்கும் ஒருவர், சமூகப் பாடங்களுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் எனக் குறைந்த அளவையும் வகுத்தது. மேலும், ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருத்தலாகாது என்றும் அது விதித்தது. ஐந்து ஆசிரியர் உள்ள பள்ளியில் பத்து விழுக்காடு என்பது யாது? அரை ஆசிரியர்! அரை ஆசிரியர் என்று உலகில் எவரும் இல்லை. ஆகவே சிறு பள்ளியில் ஓரிடமும் காலியாக இருக்கலாகாது என்பதே அச்சட்டத்தின் உட்பொருள்.

ஆயினும் அச்சட்டத்தின் உரிமை பதினான்கு வயதோடு, எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கும் நாளில், மலைப்பிள்ளை உரிமையின் நிழலைவிட்டு வெயிலுக்கு வந்துவிடுகிறான். தந்தையின் கையாளாகக் கூலிக்குப் போகத் தக்க வயதும், மகளுக்கு மணம் பேசத் துணியும் வயதும் அதுவே. சட்டத்தின் கை விலகும் இடத்தில்தான் வறுமையின் கை பற்றுகிறது.

பற்றிய கை எங்கெங்கே இழுத்துச் செல்லும் என்பதற்கு ஒரு கொடிய சான்று உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதிக்கு அருகே சேஷாசல வனத்தில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறி ஆந்திரக் காவல்துறையினர் 20 தமிழ்த் தொழிலாளரைச் சுட்டுக் கொன்றனர். அவர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்த பழங்குடியினரும் இருந்தனர். கணித ஆசிரியர் இல்லாததால்தான் அவர்கள் காட்டுக்குச் சென்றனர் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது துயரத்தை எளிமைப்படுத்துவதாகும். நிலமின்மை, கடன், தரகரின் ஆசைவார்த்தை எனக் காரணங்கள் பல. ஆனால் தரகன் வந்து கதவைத் தட்டும்போது, "எனக்கு வேறு வழி இருக்கிறது" என்று சொல்லும் வலிமையை ஓர் இளைஞனுக்குத் தரக்கூடியவை சிலவே. அவற்றுள் முடித்த படிப்பும் ஒன்று.

✦

எதிர்வாதங்களையும் நேர்மையோடு கேட்க வேண்டும்.

"அரசின் பணப்பை எல்லையற்றதன்று. பன்னிருவர் உள்ள வகுப்புக்கு ஓர் ஆசிரியரைக் கொடுத்தால், நாற்பத்தைவர் உள்ள வகுப்புக்குக் குறையுமே! அந்த நாற்பத்தைவரும் ஏழைப் பிள்ளைகள்தாமே!" இவ்வாதம் பொய்யன்று. ஆனால் இழப்பை எண்ணும்போது எத்தனை பேர் என்று மட்டும் எண்ணாமல், எவ்வளவு என்றும் எண்ண வேண்டும். நாம் மேலே போட்ட கணக்கில், நகரத்துப் பிள்ளை இழப்பது ஆசிரியரின் கவனத்தில் முப்பதில் ஒரு பங்கு. மலைப்பிள்ளை இழப்பது பாடம் முழுவதும். பலருக்குச் சிறு குறை, சிலருக்கு முழு இழப்பு என்னும் நிலையில், குறையைப் பகிர்ந்துகொள்வதே 'அத்ல்' என்று நம் மார்க்கம் கூறும் நீதி. எல்லார்க்கும் ஒரே அளவு கொடுப்பது சமம். எல்லாரும் நிற்கத்தக்க நிலையை அளிப்பது நீதி. சமம் என்பது நீதியின் ஒரு வடிவமேயன்றி, நீதி முழுவதும் அன்று.

"ஆசிரியரும் மனிதர்தாமே! அவருக்கும் முதிய பெற்றோர் உண்டு; படிக்கும் பிள்ளைகள் உண்டு. வளைந்தேறும் மலைப்பாதையில், மழைநாளில் பேருந்து நின்றுவிடும் ஊரில், அவரைக் கட்டாயப்படுத்தி நிறுத்துவது அவருக்கு அநீதி அல்லவா?" ஆம், அநீதியே. மனம் கசந்து நிற்பவர் வருகைப் பதிவேட்டில் இருப்பார், வகுப்பில் இருக்கமாட்டார். ஆதலின் ஆசிரியரைக் குறை கூறுவதோடு நம் கடமை முடியாது. பள்ளிக்கு அருகிலேயே தங்கத்தக்க வீடு வேண்டும். மலையில் பணியாற்றிய ஆண்டுகளுக்குக் கலந்தாய்வில் உரிய மதிப்பு வேண்டும். மலைப்பணி தண்டனை என்று பேசப்படாமல் பெருமை என்று பேசப்பட வேண்டும். உமர் (ரலி) அவர்கள், இராக்கின் பாதையில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், அப்பாதையை ஏன் செப்பனிடவில்லை என்று இறைவன் தம்மைக் கேட்பானே என அஞ்சியதாகச் சொல்லப்படும் செய்தியை நாம் மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். கழுதையின் பாதைக்கே அவ்வளவு அச்சம் என்றால், ஓர் ஆசிரியர் ஏறிச் செல்ல வேண்டிய பாதைக்கு எவ்வளவு அச்சம் வேண்டும்!

"பிள்ளைகளைக் கீழே கொண்டுவந்து விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தால் என்ன?" சிலருக்கு அது நல்வழியே. ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் வேரோடு பெயர்த்தெடுத்து நடுவதைத் தீர்வு என்று சொல்லலாகாது. கீழே அனுப்பத் தயங்கும் பெற்றோர் முதலில் நிறுத்துவது பெண்பிள்ளைகளைத்தான். நம் சமுதாயத்துக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

✦

உறைவிடப் பள்ளி என்றதும் நம் நினைவுக்கு வருவது மதீனாவின் திண்ணைத் தோழர்கள் அல்லரோ! நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டிய 'ஸுஃப்பா'வில் வீடும் வாசலும் இல்லாத ஏழைத் தோழர்கள் தங்கிக் கல்வி கற்றனர். அவர்களுக்குக் கற்பித்ததோடு அண்ணலார் நின்றுவிடவில்லை. அவர்கள் பசியைத் தம் பசியாக எண்ணினார்கள். வந்த பாலையும் பேரீச்சம்பழத்தையும் அவர்களோடு பகிர்ந்தார்கள். வசதியுள்ள தோழர்களிடம் இருவராகவும் மூவராகவும் ஒப்படைத்து உணவளிக்கச் செய்தார்கள். கற்பித்தலும் காத்தலும் அங்கே ஒரே கடமையின் இரு கைகள்.

இன்று நம் உண்டு உறைவிடப் பள்ளிகளிலோ, பகலெல்லாம் பாடம் நடத்திய ஆசிரியரே இரவில் விடுதிக் காப்பாளராகவும் இருக்கும் வழக்கம் உண்டு. அரிசிக் கணக்கும் அவருடையது; காய்ச்சல் கண்ட பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வதும் அவருடையது. வகுப்பறைக் கணக்கு மாலை நான்கு மணியோடு முடிந்துவிடும். உறைவிடப் பள்ளியின் மற்றொரு பாதி அப்பொழுதுதான் தொடங்குகிறது. தாயைப் பிரிந்த பத்து வயதுப் பிள்ளை அழுவது இரவில்தான். அந்த இரவை எந்த விகிதமும் எண்ணுவதில்லை.

மாணவர்க்குத் துணைநிற்றல் என்பதில் இன்னும் எத்தனையோ அடங்கும். சாதிச் சான்றிதழ் இல்லாமல் பழங்குடிப் பிள்ளையின் உதவித்தொகை நிற்கும். வங்கிக் கணக்கில் ஓர் எழுத்துப் பிழையானால் பணம் வாராது. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம்! ஆனால் பத்தாம் வகுப்பில் நின்றுவிட்ட பெண்ணை அது எட்டாது. எட்டச் செய்வதற்கு அவள் வீட்டுத் திண்ணையில் சென்றமர்ந்து, அவள் தந்தையிடம் பேச ஓர் ஆசிரியை வேண்டும். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு விண்ணப்பம் எழுதித் தர வீட்டில் யார் இருக்கிறார்?

முஆத் (ரலி) அவர்கள் தொழுகையை மிக நீட்டியபோது, பின்னே நிற்போரில் பலவீனரும் முதியோரும் வேலையுள்ளோரும் இருப்பர் என்று அண்ணலார் கண்டித்துக் கூறினார்கள். அணியின் வேகம் வலியவனால் அளக்கப்படுவதன்று, நலிந்தவனால் அளக்கப்படுவது. பள்ளிக்கூடத்துக்கும் இதுவே இலக்கணமாக இருக்கட்டும்.

✦

இம்மலையின் காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், வானியல் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. 1986-இல் அதற்கு வைணு பாப்பு என்னும் அறிஞரின் பெயர் சூட்டப்பட்டது. 1988-இல் அங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு இராமானுசன் என்று பெயர். அந்தக் கணித மேதையின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். கும்பகோணத்தில் கல்லூரி சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பிற பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். பட்டமும் பெறாமல் அலைந்தார். பின்னர் அவர் திறமையைக் கண்டு கைதூக்கிவிடச் சிலர் வாய்த்தனர். உலகம் அவரை அறிந்தது. கைதூக்கிவிட எவரும் வாய்க்காமல் போனவர்களின் பெயரை எந்தக் கோளுக்கும் சூட்ட இயலாது. ஏனெனில் அவர்கள் யாரென்றே நாம் அறியோம்.

2024-ஆம் ஆண்டில், இம்மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் 23 வயதுப் பழங்குடிப் பெண், உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி நாடெங்கும் மகிழ்ச்சியோடு பேசப்பட்டது. குழந்தை பிறந்த ஓரிரு நாளிலேயே சென்னை சென்று தேர்வெழுதியவர் அவர். அவரை வாழ்த்துவோம். அதே வேளையில் ஒரு தவறான முடிவுக்கும் வந்துவிடாதிருப்போம். "மனமிருந்தால் மார்க்கமுண்டு, பாருங்கள், அவர் வென்றாரே!" என்று கூறி, நம் கடமையைக் கழற்றி வைத்துவிடலாகாது. ஒருவர் பாறையைப் பற்றி மலையேறினார் என்பது அவர் வலிமைக்குச் சான்று. பாதை இருந்தது என்பதற்குச் சான்று அன்று.

✦

"இது அரசின் வேலை, மலையும் நம்முடையதன்று, பிள்ளைகளும் நம்மவர் அல்லர்" என்று எவரேனும் எண்ணலாம். 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியையும், 1924-இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமையும் எழுப்பிய பெரியோர் கல்வியை அவ்வாறு எண்ணவில்லை. பசித்த அண்டை வீட்டாரை மறந்து தான் வயிறார உண்பவனைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, அண்டை வீட்டாரின் மதத்தைக் கேட்கவில்லை. அறிவுப் பசியும் பசியே. மேலும், 6 முதல் 14 வயதுக்குட்பட்ட முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே செல்லாதவர் அல்லது இடையில் நின்றவர் என்று 2006-இல் சச்சார் குழு எடுத்துரைத்தபோது நாம் தலைகுனிந்தோமே! பள்ளியின் வாசலில் நின்று திரும்பிய பிள்ளையின் முகம் நமக்குப் பழக்கமானது.

ஆகவே நாம் செய்யக்கூடியவை உண்டு. சிறு பள்ளியின் வெற்றிடமே முதலில் நிரப்பப்பட வேண்டும், பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்பது எண்ணிக்கையால் மாறாத உரிமையாக வேண்டும், விடுதிக்குத் தனிக் காப்பாளர் வேண்டும் என்று, நம்முடைய கோரிக்கைகளோடு இதனையும் சேர்த்து ஆட்சியாளரிடம் வைக்கலாம். மலைப்பிள்ளைகளே படித்து, ஆசிரியராகித் தம் மலைக்குத் திரும்பும் நாள் வரும்வரை, அவர்களின் கல்லூரிச் செலவுக்கு நம் ஸதகாவிலிருந்து ஒரு பங்கு தரலாம். ஸதகாவுக்கு மதவேலி இல்லை. ஆனால் நம் கொடையைக் காட்டி அரசு தன் கடமையைக் குறைத்துக்கொள்ள இடமளிக்கலாகாது. கொடை வரும், நிற்கும், உரிமை நிற்கலாகாது.

கூடவே, நம் வீட்டையும் சற்றுப் பார்ப்போம். நம் மக்தபுகளில் அறுபது பிள்ளைகளை ஒரே உஸ்தாதிடம் விட்டு, அவருக்குக் குறைந்த ஊதியத்தைக் காலந்தாழ்த்திக் கொடுக்கிறோமா? நம் நிர்வாகப் பள்ளிகளில் காலியிடத்தை மிச்சம் என்று எண்ணுகிறோமா? அப்படியாயின் நம் தராசும் குறைகிறது. பிறர் தராசைப் பற்றிப் பேசுமுன் நம் தராசை நிறைத்துக்கொள்வது நல்லது.

கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்கும் ஆவலோடு ஓடிவந்தபோது, குறைஷிப் பிரமுகர்கள் பலரோடு பேசிக்கொண்டிருந்த அண்ணலார் சற்றே முகம் திருப்பினார்கள். அதற்காக ஓர் அத்தியாயமே இறங்கியது. பலருக்காக ஒருவரை விட்டுவிடுவது, அதுவும் ஆவலோடு வந்த ஒருவரை விட்டுவிடுவது, இறைவனின் கணக்கில் சிறியதன்று என்று அன்றே நமக்குக் கற்பிக்கப்பட்டுவிட்டது. மலைப்பாதையில் புத்தகப் பையோடு நடந்துவரும் பிள்ளை ஆவலோடுதான் வருகிறது. அது வந்து சேரும்போது முன்னே ஒருவர் நிற்க வேண்டும்.

அந்த ஒருவரை நிறுத்திவைக்கும் நல்லுணர்வை ஆள்வோருக்கும் நமக்கும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.